ஒரு வயது குறைகிறது

கோபம் வந்தால் தையலக்காவால் ஊசியில் நூல் கோர்க்க முடியாது. அந்த ஆகஸ்டிலிருந்து மருமகள்தான் கோர்த்துக் கொடுத்தாள்.

ஜனவரியில் எல்லாம் ஒழுங்காகத்தான் ஆரம்பித்தது. நாற்பதைத் தாண்டியவர்களின் நீச்சல் கிளப் அது. தினமும் காலை ஆறு மணிக்கு, நான்காவது தடம். கேப்டன் பல் டாக்டர். துணி தைப்பவர் என்பதால், டாக்டர் உட்பட எல்லோருக்கும் அவர் தையலக்காதான். நவம்பர் போட்டியின் கலப்பு ரிலேயில் இரண்டு ஆண், இரண்டு பெண். நால்வரின் வயதையும் கூட்டினால் இருநூற்று நாற்பது வர வேண்டும். ஒன்று குறைந்தாலும் இளையவர்களோடு மோத வேண்டியதுதான். டாக்டருக்கு அறுபத்து நான்கு. தபால்காரருக்கும் நர்ஸுக்கும் ஆளுக்கு ஐம்பத்தொன்பது. தையலக்கா ஐம்பத்தெட்டு. கச்சிதம்.

பிப்ரவரியில் தோள் பிடித்துக்கொண்டது. ஏப்ரலில் வெந்நீர் இயந்திரம் பழுதாகி, குளம் பல்லைக் கிட்ட வைத்தது. ஜூனில் நூற்றிருபது பள்ளிச் சீருடை. எதற்காகவும் தையலக்கா ஒரு நாள் மட்டம் போடவில்லை. ஐம்பது மீட்டரை நாற்பத்தொன்பது விநாடியிலிருந்து நாற்பத்து நான்குக்கு இறக்கியிருந்தார்.

ஆகஸ்டில் டாக்டரின் மச்சினி கிளப்பில் சேர்ந்தார். வயது அறுபத்திரண்டு. மூன்றே வாரத்தில் ரிலே பட்டியலில் தையலக்கா இல்லை, மச்சினி இருந்தார்.

"என்ன டாக்டர் இது?"

"கோவிச்சுக்காதீங்கக்கா. உங்க பிறந்த நாள் டிசம்பர்ல. போட்டி அன்னைக்கு உங்களுக்கு அம்பத்தேழுதான். கூட்டிப் பார்த்தா ஒரு வயசு உதைக்குது."

"வயசைக் குறைச்சு சொல்ற பொம்பளைங்களைப் பார்த்திருக்கேன். வயசு பத்தலைன்னு வெளியே தள்ளினது என்னைத்தான்!"

தபால்காரர் சிரித்துவிட்டார். தையலக்கா திரும்பிப் பார்த்த பார்வையில், அந்த மனுஷன் தண்ணீரில் இறங்காமலே நீச்சல் கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

சிரித்த குற்ற உணர்ச்சியோ என்னவோ, அக்டோபரில் போட்டி விதிப் புத்தகத்தைக் கொண்டுவந்தவரும் தபால்காரர்தான். டிசம்பர் முப்பத்தொன்றில் என்ன வயதோ, போட்டிக்கு வருஷம் முழுக்க அதுதான் வயது. அப்படியென்றால் தையலக்காவுக்கு ஐம்பத்தெட்டு.

மறுநாள் காலை குளத்தின் ஓரத்தில் தையலக்கா அந்தப் பக்கத்தை டாக்டரின் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"அது தெரியும்க்கா, ஆனா..." டாக்டர் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"தெரியுமா? தெரிஞ்சுதான் அன்னைக்கு எனக்குக் கணக்குச் சொல்லிக் குடுத்தீங்களா?"

"மச்சினி நாப்பத்திமூணுல நீந்துறா. ஒரு விநாடி லாபம். வேகம் பத்தலைன்னு சொன்னா நீங்க வருத்தப்படுவீங்களேன்னு..."

"மூஞ்சிக்கு நேரா சொல்லியிருந்தா நீந்திக் காட்டியிருப்பேன்யா! மத்தவங்க வாயைத் திறக்கச் சொல்றீங்களே, உங்க வாய்ல இருந்து ஒரு உண்மை வருதா?"

படிக்கட்டில் துண்டோடு நின்றிருந்த மச்சினியின் முகம் சிவந்தது.

"அத்தான், அவங்களா விலகிட்டாங்கன்னுதானே சொன்னீங்க?" துண்டைத் தூக்கி டாக்டர் மேல் வீசினார். "வாங்கக்கா. இப்பவே ஐம்பது மீட்டர். ஜெயிக்கிறவங்க போட்டிக்கு."

தபால்காரர் விசில் ஊதினார். தையலக்கா நீந்தவில்லை, தண்ணீரை அறைந்தார். பாதி தூரத்தில் மூச்சு முட்டியது. மச்சினியின் தலை முன்னால் தெரிந்தது. வயசு பத்தலையாம்! அந்த நினைப்பே கையை இழுத்தது. சுவரைத் தொட்டபோது நாற்பத்திரண்டு. மச்சினி அரைக் கை பின்னால்.

"பேரை மாத்துங்க அத்தான்," என்றார் மச்சினி, இருமிக்கொண்டே. போட்டி நாள் காலை வரை பெயர் மாற்றலாம் என்பதும் அதே புத்தகத்தில்தான் இருந்தது.

நவம்பரில் கடைசி ஆளாகக் குதித்த தையலக்கா, ஐந்தாவதாக இருந்த அணியை மூன்றாவதாகக் கொண்டுவந்து சேர்த்தார். கரையிலிருந்து டாக்டர் பல்லெல்லாம் தெரியக் கையை நீட்டினார்.

தையலக்கா அந்தக் கையைப் பார்த்தார். தடம் பிரிக்கும் கயிற்றுக்கு அடியில் முங்கி, ஓர ஏணி வரை போய், தானாகவே ஏறி வந்தார்.

"ஜனவரியில கேப்டன் தேர்தல். நான் நிக்கிறேன்," என்றார், தொப்பியைப் பிழிந்தபடி. "அதுக்குள்ள எனக்கு நெஜமாவே அம்பத்தெட்டு ஆயிரும். போதுமான்னு கணக்குப் பார்த்துச் சொல்லுங்க."