ஐஸ் பெட்டியோடு வந்த அப்பா

இலைக்குள் குடியிருக்கும் பூஞ்சைகளை வளர்ப்பது அக்காவின் வேலை. வேலியோரச் செடிகளில் இலை பறித்து வந்து, மேலே ஒட்டியிருக்கும் கிருமி போக ஸ்பிரிட்டில் முக்கிக் கழுவி, நகத்தளவு வெட்டி, கண்ணாடித் தட்டில் பதித்து வைப்பாள். நாலைந்து நாளில் வெட்டிய ஓரத்திலிருந்து பஞ்சுபோல் பூஞ்சை எட்டிப் பார்க்கும். அவள் தேடும் நொதியைச் சுரக்கும் பூஞ்சையாக இருந்தால், அதைச் சுற்றி மஞ்சளாக இருந்த தட்டு ரோஸ் நிறமாகிவிடும். சிலவகை ரத்தப் புற்றுநோய்ச் செல்களுக்கு வேண்டிய ஒரு சத்தை ரத்தத்திலேயே அழித்து, அவற்றைப் பட்டினி போட்டுக் கொல்லும் நொதி அது.

ஆறு வருடமாக அதைத் தேடிக்கொண்டிருந்தவளின் தம்பிக்கே அந்த நோய் வந்தது.

அவன் லிஃப்ட் மெக்கானிக். இருபத்தாறு வயது. “உன் மருந்துக்கு ஆள் வேணுமேன்னு நானே வந்துட்டேங்க்கா” என்று ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபடி சிரித்தான்.

அங்கே கொடுத்ததும் அதே வகை நொதிதான். ஆனால் பாக்டீரியாவிலிருந்து எடுத்தது. இரண்டு ஊசி நன்றாகக் கேட்டது. மூன்றாவதில் உடம்பெல்லாம் தடித்து, மூச்சு அடைத்து, உதடு நீலம் பாரித்துவிட்டது. உடம்பு ஏற்கவில்லை என்று நிறுத்திவிட்டார்கள். மாற்று மருந்து இருப்பில் இல்லை. எப்போது வரும் என்று யாருக்கும் தெரியவில்லை.

“அக்காகிட்ட பூஞ்சையில எடுத்தது பாட்டில் பாட்டிலா இருக்குப்பா” என்றான் தம்பி, அப்பாவிடம் விளையாட்டாக.

அப்பா அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. மறுநாள் காலை ஆய்வக வாசலில் நின்றார். சவரம் செய்து, இஸ்திரி போட்ட சட்டை அணிந்து, கையில் புதிதாக வாங்கிய ஐஸ் பெட்டியோடு.

“டாக்டர்கிட்ட கேட்டேன். கன்னாபின்னான்னு திட்டிட்டாரு. நீ குடும்மா. ஊசி போட நான் ஆளப் புடிச்சிக்கறேன்.”

அவள் அவரை உள்ளே அழைத்துப்போய்க் குடுவைகளைக் காட்டினாள். பழுப்பு நிறத் திரவம் இயந்திரத்தில் குலுங்கிக்கொண்டிருந்தது.

“இதுல அந்த நொதி துளியூண்டுதான்ப்பா. மிச்சமெல்லாம் பூஞ்சையோட கழிவு. உடம்புல ஏத்தினா அரை மணி நேரம் தாங்க மாட்டான்.”

“வடிகட்டிக் குடேன்.”

“அதத்தான் வருஷக்கணக்கா செஞ்சிட்டிருக்கேன். இன்னும் முழுசா முடியல.”

“அவன்கிட்ட வருஷம் இல்லம்மா.”

அவள் குடுவைகளின் பக்கம் திரும்பிக்கொண்டாள். கையில் வைத்துக்கொண்டே இல்லையென்கிறாள் என்றுதான் அவர் நினைத்திருப்பார். அவள் அவரிடம் சொல்லாத ஒன்று உண்டு. அதற்கு முந்தின வாரம், வடிகட்டியதில் ஒரு சின்னப் புட்டி நிரப்பிக் கைப்பையில் போட்டுக்கொண்டு பேருந்து நிறுத்தம் வரை போயிருந்தாள். இரண்டு பேருந்துகளை விட்டுவிட்டுத் திரும்பி வந்து, அதை ஆய்வகக் கழுவுதொட்டியில் கொட்டினாள்.

அப்பா காலிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு படியிறங்கினார். வழக்கமாக ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொள்பவர், அன்று பெட்டியை இரண்டு கைகளாலும் அணைத்திருந்தார்.

“அப்பா மூஞ்சியத் தூக்கி வெச்சிருக்காரா?” என்றான் தம்பி அன்று சாயங்காலம். “விடுக்கா. நான்தான் வாய வெச்சுக்கிட்டு சும்மா இருக்கல.”

“நீ என்னடா நெனைக்கற?”

“குடுத்திருந்தா போட்டிருப்பேங்க்கா” என்றான்.

பத்தொன்பது நாள் கழித்து அவன் போய்விட்டான். மாற்று மருந்து அதற்கடுத்த வாரம் வந்தது.

எட்டு மாதம் கழித்து அந்தத் திரவத்தை எலிகளுக்குச் செலுத்திப் பார்த்தார்கள். தம்பி இருந்தபோது அவளிடம் இருந்ததைவிட எவ்வளவோ சுத்தமானது. ஆறு எலிகளில் நான்கு மதியத்துக்குள் செத்தன. அவள் குளியலறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். தான் சொன்னது சரிதான் என்றான பிறகு இப்படி அழுகை வரும் என்று அவள் எதிர்பார்க்கவில்லை.

அன்றே அப்பா வீட்டுக்குப் போனாள். அவர் தம்பியின் வேலைச் சட்டைகளை மடித்துக்கொண்டிருந்தார். அவள் எல்லாவற்றையும் சொன்னாள். நாலு எலி, எத்தனை நிமிடம், எப்படித் துடித்தன என்பது வரைக்கும்.

“எலிதானேம்மா” என்றார் அப்பா கடைசியில். குரலில் கோபமே இல்லை. “ரெண்டு பொழச்சிருக்கே.”

அவள் பக்கத்தில் உட்கார்ந்து, மிச்சமிருந்த சட்டைகளை எடுத்து மடிக்க ஆரம்பித்தாள்.