மூணு பேர் படம்

ஆஸ்பத்திரிக்கு வந்த ஊரில் ஆள் வைத்துப் போட்டோ பிடித்துக்கொண்ட குடும்பம் எங்களுடையதாகத்தான் இருக்கும். எல்லாம் என் மகள் மதுமதியின் வேலை. செவ்வாய்க்கிழமை எனக்கு ஆபரேஷன், வயிற்றில் கட்டி. திங்கட்கிழமை ஆஸ்பத்திரியில் போய்ச் சேர வேண்டும். அதற்கு முன்னால் கிடைத்த ஞாயிற்றுக்கிழமையையாவது படுத்துக் கிடக்க விடுவாள் என்று பார்த்தால், லோதி கார்டனில் போட்டோ எடுக்க ஏற்பாடு செய்துவிட்டேன் என்று வந்து நின்றாள்.

"ஒரு மணி நேரந்தாம்மா. போட்டோகிராபரே கூட வந்து எங்க நிக்கோணும், எப்படிப் பாக்கோணும்னு சொல்லித் தருவாரு. டெல்லி வர்றவங்க நெறையப் பேரு இப்ப இப்படித்தான் புக் பண்ணி எடுத்துக்கறாங்க."

"சுத்திப் பாக்க வந்தவங்க எடுத்துக்குவாங்க. நான் சுத்திப் பாக்கவா வந்தேன்?"

"புக் பண்ணியாச்சு. இனி கேன்சல் பண்ண முடியாது."

அதற்கு மேல் வாதாட எனக்குத் தெம்பில்லை. டெல்லிக்கு வந்ததிலிருந்து ரத்தம் கொடு, ஸ்கேன் எடு, டோக்கன் வாங்கு, உட்கார், எழுந்திரு என்றே பொழுது போய்க்கொண்டிருந்தது. கோபிச்செட்டிபாளையம் தாலுகா ஆபீசில் கவுண்டர் ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்தே காலத்தை ஓட்டியவள் நான். கவுண்டருக்கு முன்னால் நிற்பது எத்தனை அலுப்பான உத்தியோகம் என்று இங்கே வந்துதான் தெரிந்தது. கோயமுத்தூரில் இல்லாத ஆஸ்பத்திரியா என்று கேட்டதற்கும் மது மசியவில்லை. அவளுக்கு இங்கே வேலை, நீண்ட லீவு கிடையாது. அம்மாவைத் தன் கண் முன்னால் வைத்துப் பார்த்துக்கொள்ள வேண்டுமாம்.

போட்டோ எதற்கு என்று எனக்குப் புரியாமல் இல்லை. ஆபரேஷனுக்கு முன்னால் என்னைப் பிடித்து வைத்துக்கொள்ளப் பார்க்கிறாள். அதைச் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. கேட்க எனக்கும் வாய் வரவில்லை. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். எனக்கும் அந்தப் படத்தின் மேல் ஆசை வந்துவிட்டது. நான், வீட்டுக்காரர், மது என்று நாங்கள் மூன்று பேர் மட்டும் இருக்கிற படம் எங்கள் வீட்டில் ஒன்றுகூட இல்லை.

ஏன் இல்லை என்றால், என் வீட்டுக்காரர் வேணுதான் காரணம். மின்வாரியத்தில் லைன் இன்ஸ்பெக்டராக இருந்தவர். மழையில் கம்பத்தில் ஏறச் சொன்னால் ஏறுவார். மூன்று என்ற எண்ணைக் கண்டால் மட்டும் நடுங்குவார். தட்டில் மூன்று இட்லி வைக்க விடமாட்டார். மூன்று பேராக வீட்டை விட்டுக் கிளம்பினால் நாலாவதாக ஒரு கல்லை எடுத்துப் பாக்கெட்டில் போட்டுக்கொள்வார். மூன்று பேராக நின்று படம் எடுத்தால் நடுவில் நிற்கிறவருக்கு ஆகாது, அவர் போய்ச் சேர்ந்துவிடுவார் என்று அவருடைய ஊரில் யாரோ சொன்னதை இன்று வரைக்கும் பிடித்துக்கொண்டிருக்கிறார்.

அதனால் எங்கள் ஆல்பத்தில் எப்போதும் நாலு பேர். மதுவுக்குக் காது குத்தியபோது ஸ்டூடியோவில் லைட் பிடிக்கிறவர் எங்களோடு நிற்கிறார். பழனியில் எடுத்த படத்தில் காவடி எடுத்து வந்த யாரோ ஒருவர். மது பட்டம் வாங்கிய அன்று காலேஜ் வாட்ச்மேன், அதுவும் அவர்தான் மதுவுக்கு மிக நெருக்கமாக நிற்கிறார். சொந்தபந்தம், ஒறம்பரை என்று வருகிறவர்கள் ஆல்பத்தைப் புரட்டும்போதெல்லாம் இவங்க யாரு, இவங்க யாரு என்று கேட்டு என் பிராணனை வாங்குவார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மோதி பாக் பக்கம் மது குடியிருக்கிற வீட்டிலிருந்து கிளம்பினோம். வாசலில் கார் வந்து நின்றது. வேணு குனிந்து பூந்தொட்டியிலிருந்து ஒரு கூழாங்கல்லைப் பொறுக்கிச் சட்டைப் பாக்கெட்டில் போட்டார்.

"டிரைவரச் சேத்தா நாலு பேருதானுங்களே?" என்றேன்.

"அவன் அங்க எறங்கமாட்டான். நாமதான் எறங்கோணும்."

"என்ன கெரகமோ! அப்பா, ஸ்வெட்டர் பட்டனாவது ஒழுங்காப் போடுங்க" என்றாள் மது.

லோதி கார்டன் வாசலில் போட்டோகிராபர் காத்துக்கொண்டிருந்தார். ப்ரணவ் என்று பெயர். சரோஜினி நகர் குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்த தமிழ்ப் பிள்ளை. தமிழ் பாதி, இந்தி பாதி, மீதி இங்கிலீஷ். "வாங்கோ ஆன்ட்டி, வாங்கோ அங்கிள். லைட் இப்ப பஹுத் அச்சா. ஜல்தி ஆரம்பிச்சுடலாம். எனக்கு அடுத்த புக்கிங் வேற இருக்கு" என்றார்.

பனியும் புகையுமாக எதிரே இருந்த பழைய கும்மட்டம் மங்கலாகத் தெரிந்தது. இதில் எங்கே நல்ல வெளிச்சத்தைப் பார்த்தாரோ. எனக்குப் படியேறினாலே அடிவயிற்றில் சுருக்கென்று இழுத்தது. சொன்னால் இருவரும் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொள்வார்கள், அதனால் சொல்லவில்லை.

முதலில் நானும் அவரும். நடக்கச் சொன்னார், நடந்தோம். திரும்பச் சொன்னார், திரும்பினோம். மரத்தில் சாயச் சொன்னார். கல்யாணத்தன்றுகூட இத்தனை ஒட்டி நின்றதில்லை. எனக்குச் சிரிப்பும் வரவில்லை, கோபமும் வரவில்லை. எப்போது உட்காரச் சொல்வார் என்றுதான் இருந்தது.

"அங்கிள், ஆன்ட்டி கண்ணைப் பார்த்து ஏதாவது சொல்லுங்கோ. ரொமான்டிக்கா. நீங்க கேமராவைப் பார்க்காதப்போ நான் கேண்டிடா எடுத்துக்கறேன்."

வேணு என் முகத்தைப் பார்த்தார். வெகுநேரம் யோசித்தார். "காலைல மாத்திரை போட்டியா?" என்றார்.

நான் சிரித்துவிட்டேன். மதுவும் சிரித்தாள். ப்ரணவ் கிளிக் கிளிக்கென்று எடுத்துத் தள்ளினார். பிறகு நானும் மதுவும் புல்வெளியில் உட்கார்ந்து ஒரு படம். அப்பாவும் மகளும் ஒரு படம்.

"அச்சா, இப்ப மூணு பேரும். ஆன்ட்டி நடுவுல நில்லுங்கோ. அங்கிள் இந்தப் பக்கம், மேடம் அந்தப் பக்கம்."

வேணு அப்படியே நின்றார்.

"இருங்க தம்பி, சித்த இருங்க" என்று சொல்லிவிட்டு நடைபாதைப் பக்கம் ஓடினார். ரோஸ் கலர் ட்ராக் சூட்டும் வெள்ளை ஷூவுமாக ஒரு பஞ்சாபி அம்மாள் கையை வீசி நடந்து வந்துகொண்டிருந்தார். அவர் முன்னால் போய் நின்று, "பெஹன்ஜி, ஏக் போட்டோ. ஆப்… நாலு" என்று நாலு விரலைக் காட்டினார். இத்தனை வருஷத்தில் அவர் பேசிக் கேட்ட முதல் இந்தி அதுதான்.

அந்த அம்மாளுக்கு என்ன புரிந்ததோ, "அரே, க்யோன் நஹீ!" என்று சந்தோஷமாக வந்து என் தோளில் கை போட்டுக்கொண்டார். ப்ரணவ் மதுவைப் பார்த்தார். மது தலையில் கை வைத்தாள். படம் எடுத்தாயிற்று. அந்த அம்மாள் என் கன்னத்தைத் தட்டிக்கொடுத்துவிட்டுக் கையை வீசிக்கொண்டு போய்விட்டார்.

"அவ்வளவுதான், முடிஞ்சுது. போலாமா?" என்றார் வேணு.

எனக்கு எங்கிருந்துதான் அத்தனை ஆத்திரம் வந்ததோ தெரியவில்லை. வரிசையில் நின்ற அலுப்பு, ஊசி குத்திய வலி, ராத்திரி தூங்காதது எல்லாம் சேர்ந்து கிளம்பிவிட்டது.

"யாருங்க அவங்க? எனக்கு அக்காளா, தங்கச்சியா? ஆயுசுக்கும் யாராச்சும் ஒருத்தரக் கொண்டாந்து நமக்கு நடுவுல நிறுத்தறீங்க. நாளைக்கு நாஞ் செத்தா இந்தப் படத்தத்தான் கூடத்துல மாட்டுவீங்க. பக்கத்துல ரோஸ் கலர்ல நிக்கறது யாருன்னு ஒறம்பரை கேக்கும். என்னன்னு சொல்லுவீங்க? லோதி கார்டன்ல வாக்கிங் போனவங்கன்னா?"

செத்தால் என்ற சொல்லை இந்த ஒரு மாதத்தில் எங்களில் யாரும் சொன்னதில்லை. டாக்டர்கூடச் சொல்லவில்லை. என் வாயிலிருந்து வந்துவிட்டது. மதுவின் கண் நிறைந்தது. ப்ரணவ் கேமராவில் எதையோ துடைக்க ஆரம்பித்தார்.

"எனக்கு ஒரு படம் வேணும்" என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை, கெஞ்சுவது மாதிரி இருந்தது. "நாம மூணு பேரு மட்டும். வேற ஒண்ணும் கேக்கல உங்ககிட்ட."

"நடுவுல வேண்டாம் புள்ள. செவ்வாய்க்கிழமை ஆபரேசன வெச்சுக்கிட்டு நீ நடுவுல நிக்காத. ஒனக்குக் கும்புட்டுக் கேக்கறேன்."

"அட போங்க. மூணாவது நாலாவதுன்னு ஊரான் எவனோ சொன்னானாமா. படிச்ச மனுசன் பேசற பேச்சா இது?"

மது மூக்கை உறிஞ்சிக்கொண்டே எங்களுக்கு நடுவில் வந்தாள். "நடுவுல யாரு நிக்கறதுன்னுதானே இப்பப் பிரச்சனை? நான் நின்னுக்கறேன். எடுங்க ப்ரணவ்."

"நீ வேண்டாம்!"

கத்தியது நான். வேணு வாயைத் திறப்பதற்குள் நான் கத்தி, அவள் கையைப் பிடித்து வெளியே இழுத்தும்விட்டேன். அவள் தடுமாறிப் போனாள். நடைபாதையில் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

வேணு என்னைப் பார்த்தார். பார்த்தாயா, நீயும்தானே நம்புகிறாய் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். இத்தனை வருஷம் நான் அடித்த கிண்டலுக்கெல்லாம் சேர்த்துக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. நான் தலையைக் குனிந்துகொண்டேன். சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கு அதில் நம்பிக்கை கிடையாது. ஆனால் அவள் அங்கே வந்து நின்றபோது உடம்பெல்லாம் பதறிவிட்டது.

வேணு சட்டைப் பாக்கெட்டிலிருந்து கூழாங்கல்லை எடுத்தார். மரத்தடிக்குப் போய்க் குனிந்து அதை வேர் பக்கத்தில் வைத்துவிட்டு வந்தார்.

"கல்ல ஏனுங்க போட்டீங்க?"

"பாக்கெட்டு துருத்திக்கிட்டுத் தெரியுது. படத்துல நல்லாருக்காது." ஸ்வெட்டரைக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டு எங்களுக்கு நடுவில் வந்து நின்றார். "நான் நின்னுக்கறேன். உசரமானவன் நடுவுல நின்னாத்தான் எடுப்பா இருக்கும். என்ன தம்பி?"

எங்கள் மூன்று பேரில் குள்ளம் அவர்தான். மது அவரைவிட ஒரு தலை உயரம்.

"ஆமா அங்கிள், பர்ஃபெக்ட்" என்றார் ப்ரணவ்.

அவர் முழங்கையைப் பிடித்து இழுத்தேன். "வேண்டாங்க. எனக்குப் படமே வேண்டாம். நகருங்க."

"கம்முனு நேராப் பாரு" என்றார். ஒரு கையால் என் கையையும் இன்னொரு கையால் மதுவின் கையையும் பிடித்துக்கொண்டார். அவர் உள்ளங்கை அந்தக் குளிரிலும் வியர்த்திருந்தது.

ப்ரணவ் எடுத்தார். எடுத்துப் பார்த்தார். மறுபடி எடுத்தார். "அங்கிள், கண்ணு… ஆங்க்கேன் கோலியே." மறுபடியும் எடுத்தார். ஒன், டூ, த்ரீ சொல்லி எடுத்தார். சொல்லாமல் எடுத்தார். அதற்குள் அவருடைய போன் அடித்தது. அடுத்து புக் செய்தவர்கள் வாசலில் வந்து நின்றுவிட்டார்களாம்.

கேமராவை எங்களிடம் கொண்டு வந்து காட்டினார். நான் ஒரு பக்கம், தூக்கமில்லாமல் வீங்கிய முகத்தோடு. மது ஒரு பக்கம், மூக்கு சிவந்து. நடுவில் வேணு, தாடையை நிமிர்த்தி, விறைப்பாக, இரண்டு கண்ணையும் இறுக்க மூடிக்கொண்டு. அடுத்த படத்திலும் கண் மூடியிருந்தது. அதற்கடுத்ததிலும் அப்படித்தான். ஊரில் மாரியம்மன் சன்னதியில் திரை விலகுகிற நேரத்துக்கு அவர் முகம் இப்படித்தான் இருக்கும். உதடு மட்டும் லேசாக அசையும்.

"சாரி ஆன்ட்டி. ஒண்ணுலகூட அங்கிள் கண்ணைத் திறக்கலை. நோ டென்ஷன். வேற படத்துலேர்ந்து கண்ணை எடுத்து இதுல வெச்சுடறேன். இப்ப அதெல்லாம் ரெண்டு நிமிஷ வேலை."

"வேண்டாம் தம்பி" என்றேன். "அத அப்படியே குடுங்க."

"அம்மா, அப்பா தூங்கற மாதிரி இருக்குதும்மா" என்றாள் மது.

"இருக்கட்டும் கண்ணு."

அப்படிக் கண்ணை மூடிக்கொண்டு அவர் என்ன கேட்டார், எனக்குப் பதிலாக எதைக் கொடுக்கிறேன் என்றார் என்று எனக்கா தெரியாது? இத்தனை வருஷம் குடும்பம் நடத்தியிருக்கிறேன். வயிற்று வலி ஒரு பக்கம் இருக்க, அந்த மனுஷனைப் பிடித்து உலுக்க வேண்டும் போல் இருந்தது. யாரைக் கேட்டு நீங்கள் அப்படி வேண்டிக்கொண்டீர்கள், நீங்கள் இல்லாமல் நான் மட்டும் பிழைத்து வந்து என்ன செய்யட்டும் என்று கேட்க வேண்டும் போல் இருந்தது. மது பக்கத்தில் இருந்ததால் வாயை மூடிக்கொண்டேன்.

ப்ரணவ் விடைபெற்றுக்கொண்டு அடுத்தவர்களைத் தேடி ஓடினார். மது கார் வருகிறதா என்று போனைப் பார்த்துக்கொண்டு முன்னால் போனாள். நான் அந்த மரத்தடிக்குப் போனேன். குனிவதற்குள் உயிர் போய் வந்தது. கல்லை எடுத்து மண்ணைத் துடைத்து, வேணுவின் சட்டைப் பாக்கெட்டில் போட்டேன்.

அவர் ஒன்றும் புரியாமல் பார்த்தார்.

"வீட்டுக்கு மூணு பேராத்தானே போறோம்?" என்றேன். "உங்களுக்கு இன்னைக்கு ஒரு சண்ட பாக்கி இருக்குதுங்க. ஆபரேசன் முடிஞ்சு வந்து வெச்சுக்கறேன். அதுவரைக்கும் பத்திரமா இருங்க."

அவர் பாக்கெட்டைக் கையால் பொத்திக்கொண்டு, என் நடைக்குத் தகுந்தபடி மெதுவாகக் கூட நடந்து வந்தார்.