நான்காவது வழி

...முதல் வரியில் என்ன போடுவாள், அதுதானே கேள்வி, ‘சமாதானச் சிற்பி’ என்றா, இல்லை அந்தப் பள்ளத்தாக்கின் பெயரையா, எண்பத்தொன்பது வயதில் எல்ஸ்வர்த் தேயருக்கு மிச்சமிருக்கும் ஒரே தேர்தல் தன் இரங்கல் குறிப்பின் முதல் வரிதான், அதற்கு ஒரே வாக்காளர் எதிரே உட்கார்ந்து நண்டு சூப் குடிக்கும் இந்த நிருபர் கோரா பென்டன். வாஷிங்டனில் பெரிய மனிதர்களுக்கு உயிரோடு இருக்கும்போதே எழுதி வைத்துவிடுவார்கள், கேட்டு வராவிட்டால்தான் அவமானம்... அதே காலத்தில் பதவியிலிருந்த ஹார்லனை இன்னும் கூப்பிடவில்லையாம், பாவம், கிளப்பில் நாலு பேரிடமாவது இதைச் சொல்லியாயிற்று.

“மிஸ்டர் செகரட்டரி, சூப் ஆறிப்போகுது.” வெளியுறவு அமைச்சர் பதவி போய் முப்பது வருஷம், பட்டம் மட்டும் நாய்க்குட்டி மாதிரி கூடவே வருகிறது, நன்றியுள்ளது. “அந்தப் பள்ளத்தாக்குல அணை மேல குண்டு போட்டது யாரோட முடிவு?” “ஜனாதிபதியோட முடிவும்மா. நான் மூணு வழி எழுதிக் குடுத்தேன், அவர் ஒண்ணுல டிக் போட்டாரு.” சுயசரிதையின் மூன்று பாகங்களிலும் இதே பதில்தான்... ஆனால் மூன்று வழி என்றால் என்னவென்று இந்த ஊரில் யாருக்குத் தெரியாது, முதலாவது வெட்கங்கெட்டு ஓடி வருவது, மூன்றாவது உலகப் போர், நடுவில் ஆலோசகருக்கு வேண்டியது சாதுவாக உட்கார்ந்திருக்கும், அவரிடம் ஆலோசனை கேட்ட நான்கு ஜனாதிபதிகளும் நடுவைத்தான் தொட்டார்கள், தாங்களே தேர்ந்தெடுத்ததாக நினைத்து நெஞ்சை வேறு நிமிர்த்தினார்கள்.

“அப்போ தூதர் ஹோல்கம் அங்கேயிருந்து ஒரு தந்தி அனுப்பினாராமே?” ஹோல்கம்... அவனும் போய்ச் சேர்ந்துவிட்டான், வேறொரு வழி சொல்லியிருந்தான், ஏழு வரி, சேர்த்தால் குறிப்பு இரண்டாம் பக்கத்துக்குப் போய்விடும், அந்த ஜனாதிபதியோ ஒரு பக்கத்துக்கு மேல் படிக்கமாட்டார், அதனால் தேயர் அதை வெட்டினார், அவ்வளவுதான், கெட்ட எண்ணம்கூட இல்லையே, பிறகு பதினோரு கிராமங்கள் வெள்ளத்தில்... அந்தச் செத்தவர்கள் பட்டப்பகலில் வருகிறார்கள், கௌரவப் பட்டமளிப்பில், பேத்தியின் கல்யாணத்தில், கடைசி வரிசைக்குப் பின்னால் ஒன்றும் கேட்காமல் நிற்கிறார்கள், திட்டியாவது தொலைக்கலாமே, இதோ இப்போதும், சர்வருக்குப் பின்னால், ஈர உடையோடு... சொல்லிவிட்டால் போய்விடுவார்களா? முதல் வரி போனால் போகட்டும்.

“நாலாவதா ஒரு வழி இருந்துச்சும்மா. நான்தான் எடுத்துட்டேன். ஒரு பக்கத்துக்குள்ள இடம் பத்தல.”

அவள் கரண்டியை வைத்தாள். “இடம் பத்தலயா?” பிறகு, மெதுவாக, “சரி, அந்த நாலாவது வழி என்ன?”

வாயைத் திறந்தார். தட்டச்சு செய்த மிஸ் ஓகில்வியின் நீல ஸ்வெட்டர் ஞாபகம் இருக்கிறது, ஜன்னலில் மழை, டிக் போட்ட பச்சை மை, ஏழு வரி, ஆமாம் ஏழேதான், விரலை வைத்து ஒவ்வொன்றாக எண்ணினாரே... எண்ணினார், சரி, வாசித்தாரா?