சிவப்பு முட்டையும் மஞ்சள் சோறும்

சொர்ணலதா பிறந்து வளர்ந்த தெருவில், ஒரு வீட்டில் பிள்ளை பிறந்து மாதம் நிறைந்தால் அக்கம்பக்கத்துக்கெல்லாம் சிவப்பு முட்டை போகும். அது மலேசியாவில் பினாங்குத் தீவில் இருந்த தெரு. ஒரு முனையில் மாரியம்மன் கோயில், மறுமுனையில் பள்ளிவாசல், இடையில் ஊதுபத்திப் புகை மண்டிய சீனர் கோயில். அவித்த முட்டைக்குச் சிவப்புச் சாயம் ஏற்றுவது சீனர் வழக்கம். கூடவே வரும் மஞ்சள் சோறு, தேங்காய்ப்பாலில் வெந்தது, மலாய்க்காரர்களுடையது. இரண்டையும் வாழை இலையில் மடித்துக் கட்டுவது தமிழர் கைவேலை. எது யாருடைய வழக்கம் என்று அங்கே யாரும் பிரித்துப் பார்த்ததில்லை. அவள் தம்பி பிறந்தபோது அம்மாவுக்கு எழுந்திருக்க முடியவில்லை. பக்கத்து வீட்டுச் சீனத்தி மேய் லிங்தான் தன் அடுப்பில் முட்டை அவித்து, வீடு வீடாகப் போய், "நம்ம வீட்டுப் பிள்ளைக்கு மாசம் நிறைஞ்சது" என்று அரைகுறைத் தமிழில் சொல்லிக் கொடுத்துவிட்டு வந்தாள்.

பிறகு மலேசியாவில் வேலைப் பெர்மிட் கெடுபிடி வந்தது. அப்பா அவளைக் கப்பலேற்றி, தேனியில் பலசரக்குக் கடை வைத்திருந்த தன் அக்காள் மகன் பொன்னுராஜுக்குக் கட்டிவைத்தார். வந்த நாள் முதல் தெருவில் அவளுக்குக் 'கப்பக்காரி' என்று பெயர். பேச்சின் முடிவில் அவளை அறியாமல், மலேசியாக்காரர்கள் சொல்வதுபோல் ஒரு 'லா' வந்து ஒட்டிக்கொள்ளும். அதைச் சொல்லிச் சிரிக்காத ஆள் தெருவில் இல்லை. கேலிதானே தவிர வன்மம் இல்லை. ஆனாலும் அவள் இன்னும் அந்தத் தெருக்காரியாக ஆகியிருக்கவில்லை. அவளே வாய்விட்டுப் பேசும் தோழி ஒருத்திதான், எதிர்வீட்டு முத்துப்பேச்சி.

இப்போது சொர்ணலதாவின் மகனுக்கு ஒரு மாதம் நிறைந்திருந்தது. தாய்வீடு கடலுக்கு அப்பால் இருந்ததால், பிரசவம் பார்த்ததும் பத்தியம் பார்த்ததும் கணவனின் அக்காள் சண்முகத்தாய்தான். புருஷனை இழந்து தம்பி வீட்டோடு வந்துவிட்டவள். தாயும் பிள்ளையும் நலமாகப் பிழைத்ததற்காக, சித்திரைத் திருவிழாவில் வீரபாண்டி மாரியம்மனுக்குத் தீச்சட்டி எடுப்பதாக நேர்ந்துகொண்டு விரதத்தில் இருந்தாள். அன்று விடியற்காலையிலேயே முதல் பஸ்ஸில் வீரபாண்டிக்குப் போய்விட்டாள்.

மதினி திரும்பி வருவதற்குள் சந்தோஷமாக ஒன்றைச் செய்து காட்டவேண்டும் என்று சொர்ணலதாவுக்கு ஆசை. விரத அடுப்பில் முட்டை கூடாது என்று கொல்லையில் மூன்று கல் கூட்டி அடுப்பு மூட்டினாள். கடையிலிருந்து மிட்டாய்க்குப் போடும் சிவப்புப் பொடி கொண்டுவரச் சொன்னாள். பொன்னுராஜ் சிரித்துக்கொண்டே கொண்டுவந்து கொடுத்தான். சிவப்பு முட்டை, மஞ்சள் சோறு, வாழை இலை. பாத்திரம் கழுவ வரும் இருளம்மாளிடம் பொட்டலங்களைக் கொடுத்து, அக்கம்பக்கத்தில் கொடுத்துவரச் சொன்னாள்.

அவள் நாள் எண்ணியது இங்கிலீஷ் தேதியில். அன்று அமாவாசை என்பது அவள் நினைப்பில் இல்லை.

தட்டில் வைத்து நீட்டிய முதல் பொட்டலத்தை ஜவுளிக்கடை செல்வமணி தட்டோடு கையிலேயே வாங்கிக்கொண்டாள். எதிர்வீட்டுக் கதவு சாத்தியிருந்தது. இருளம்மாள் இரண்டுமுறை கூப்பிட்டுப் பார்த்துவிட்டு, பொட்டலத்தை வாசற்படியில் வைத்துவிட்டு வந்துவிட்டாள். வெயிலில் இலை வாடி மடிப்பு விரிந்தது.

கொஞ்ச நேரத்தில் தெருவே அதிர ஓர் அலறல் கேட்டது.

உள்ளே தூங்கி எழுந்த முத்துப்பேச்சி கதவைத் திறந்து காலை வெளியே வைக்கப் போயிருக்கிறாள். காலடியில் வாடிய இலையில் மஞ்சள் சோறு, நடுவில் ரத்தச் சிவப்பில் முட்டை. அமாவாசை நாளில், நிறைமாதத்துக்கு நெருங்கிய கர்ப்பிணியின் வாசலில். முச்சந்தியில் திருஷ்டி கழித்துப் போடுவதையும், பிடிக்காதவர் வாசலில் செய்வினை வைப்பதையும் சின்ன வயதிலிருந்து பார்த்தவள் வேறு என்ன நினைப்பாள்? போன வருடம் அவளுக்குத் தலைப்பிள்ளை தங்கவில்லை. அப்படியே நிலைப்படியில் சரிந்து உட்கார்ந்துவிட்டாள்.

தோட்டத்திலிருந்து ஓடிவந்த மாமியார் ராக்கம்மாள் அந்த இலையின் மேல் ஒரு கூடையைக் கவிழ்த்து, மேலே வேப்பிலைக் கொத்தை வைத்துவிட்டுத் தெருவில் நின்று கத்தினாள்.

"எந்தச் சிறுக்கிடி இது? எம்மருமக வயிறு எவ கண்ணை உறுத்துச்சு? தவசிக் கோடாங்கிக்கு ஆள் அனுப்பிட்டேன். உடுக்கை அடிச்சு ஆளைச் சொல்லிருவாக. அப்புறம் இருக்கு!"

ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்த சொர்ணலதா கம்பியை விட்டு நகர்ந்தாள். இருளம்மாளைத் திரும்பிப் பார்த்தாள். அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

"நான்தான் படியில வச்சேன் தாயி. கதவு சாத்தியிருந்துச்சு. நாய் தின்னுருமோன்னுதான் ரோசிச்சேன், இது தோணலையே எனக்கு!"

கடையிலிருந்து பொன்னுராஜ் வேர்க்க விறுவிறுக்க வந்தான். "சொர்ணம், மூச்சு விடாத. நம்ம வச்சதுன்னு இப்பப் போய்ச் சொன்னா செய்வினைக்காரின்னு பேர் வச்சுருவாக. ரெண்டு நாள் போனா அடங்கிரும்."

"கோடாங்கி யாரைச் சொல்லுவாக அத்தான்?"

கோடாங்கி வாயால் ஒரு வீட்டைச் சொல்லிவிட்டால் அந்தப் பேச்சை யாராலும் திரும்ப எடுக்க முடியாது. அது இந்த வீடாக இருந்தால் இவள் பிள்ளை அந்தப் பேரோடு வளரவேண்டும். வேறு வீடாக இருந்தால் பாவமறியாத ஒருத்தி தலையில் அது விழும். எதிரே முத்துப்பேச்சி, கொடுத்த தண்ணீரையும் வாங்காமல் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். உதடு வெளுத்திருந்தது. பயம் ஒன்றே போதும், அந்தப் பிள்ளையைக் கலைத்துப்போட. சொர்ணலதாவுக்கு மற்றதெல்லாம் மறந்துபோயிற்று. அந்த உதடுதான் கண்ணில் நின்றது.

அந்த நேரத்தில் சண்முகத்தாய் கையில் கோயில் விபூதியோடு உள்ளே நுழைந்தாள். தெருமுனையிலேயே பாதிக் கதை அவள் காதில் விழுந்திருந்தது. கொல்லையில் மூன்று கல்லையும் சிவப்புத் தண்ணீரையும் பார்த்ததும் மீதியும் விளங்கிவிட்டது.

"விரத வீட்ல முட்டையா? என்னத்துக்குடி செஞ்ச?"

சொர்ணலதா சொன்னாள். தெருவைச் சொன்னாள், மேய் லிங்கைச் சொன்னாள், தம்பி பிறந்ததைச் சொன்னாள். "சிவப்புன்னா அங்க நல்ல காரியம் மதினி. பிள்ளைக்குத் தெருவே ஆசீர்வாதம் பண்ணணும்னுதான்லா…" என்றவள் அதற்கு மேல் முடியாமல் அழுதுவிட்டாள்.

சண்முகத்தாய் கோயில் விபூதியில் ஒரு சிட்டிகை எடுத்து அவள் நெற்றியில் பூசினாள்.

"யாரோ ஒரு சீனத்தி உங்க ஆத்தாளுக்காக வீடு வீடா நடந்தாளா? நல்லவதான். சரி, பிள்ளையைத் தூக்கு."

"எங்கக்கா கிளம்பிட்ட?" என்றான் பொன்னுராஜ்.

"எதுத்த வீட்டுக்கு. நீ கடையைப் பாருலே. கடையில யாரும் இல்ல."

தெரு அகலம் எத்தனை அடி இருக்கும்? பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு அதைக் கடப்பது சொர்ணலதாவுக்குக் கடலைக் கடந்ததைவிடப் பெரிதாக இருந்தது. கூட்டம் விலகி வழிவிட்டது. கவிழ்த்த கூடைக்கு முன்னால் போய் நின்றாள்.

"ராக்கம்மா அத்தை, இது நான் குடுத்துவிட்டது. எம்பிள்ளைக்கு மாசம் நிறைஞ்சதுக்கு. எங்க ஊர் வழக்கம். தின்கிறதுக்குத்தான் அத்தை. வேற ஒண்ணும் இல்ல."

"எது? அமாவாசையில முட்டைக்கு ரத்தம் பூசி வாசல்ல வைக்கிறது உங்க ஊர் வழக்கமா? நல்ல ஊருடி! எதிரெதிர் வாசல்ல பேசிக்கிட்டே கோலம் போட்டுப் பழகினீகளே ரெண்டு பேரும், எப்படிடி மனசு வந்துச்சு?"

கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஜவுளிக்கடை செல்வமணி முன்னால் வந்தாள். கையில் கழுவிய தட்டு, வெறுந்தட்டாகத் திருப்பித் தரக்கூடாது என்று அதில் ஒரு கைப்பிடிச் சர்க்கரை.

"என்ன சத்தம்? அந்த முட்டையா? காலையிலயே நான் தின்னாச்சு. பிள்ளைகளும் தின்னாச்சு. நல்லாத்தான இருந்துச்சு. தட்டைக் குடுக்க வந்தா இங்கன கூட்டமா நிக்கிறீக."

"உனக்கென்ன, நீ வேதக்காரி" என்றாள் ராக்கம்மாள். "உங்களுக்கெல்லாம் இது பலிக்காது. மாரியாத்தா பிள்ளைகளுக்குத்தான் பலிக்கும்."

"அப்படியா? இது எனக்குத் தெரியாமப் போச்சே. பாஸ்டர் ஐயாகிட்டச் சொல்றேன், ரொம்பச் சந்தோசப்படுவாக."

ஒன்றிரண்டு பேர் சிரித்தார்கள். ராக்கம்மாள் சிரிக்கவில்லை. முத்துப்பேச்சியும் சிரிக்கவில்லை. அவள் கண் கூடையை விட்டு நகரவே இல்லை.

சொர்ணலதா பிள்ளையை மதினி கையில் கொடுத்தாள். குனிந்தாள். வேப்பிலைக் கொத்தை எடுத்து ஓரமாக வைத்துவிட்டுக் கூடையை நிமிர்த்தினாள். கூட்டம் பின்வாங்கியது. "தொடாதடி!" என்று யாரோ கத்தினார்கள். அவள் அந்த முட்டையை எடுத்து நிலைப்படியில் தட்டி உரித்தாள். சிவப்பு ஓடு உதிர்ந்தது. உள்ளே எல்லா முட்டையையும்போல வெள்ளை.

"பேச்சி, என்னைப் பாரு" என்றாள். "நான் பால் குடுக்கிறவ. நான் தின்கிறது எம்பிள்ளை வாய்க்குத்தான் போகும். இதுல கெட்டது இருந்தா நான் தின்பேனா?"

ஒரு வாய் கடித்தாள். எச்சிலைக் கூட்டி விழுங்கினாள். தெரு பார்த்தது.

"மிச்சத்தை இங்கன கொண்டா" என்றது ஒரு குரல்.

சண்முகத்தாய். பிள்ளையை இடது தோளுக்கு மாற்றிக்கொண்டு, காப்புக் கட்டிய வலது கையை நீட்டிக்கொண்டிருந்தாள்.

"மதினி, நீங்க விரதம்!"

"தெரியும்டி. ஆத்தாகிட்ட நான் சொல்லிக்கிறேன். வயித்துப்பிள்ளைக்காரி பயந்துபோய் உக்காந்திருக்கா, நீ விரதத்தைக் கட்டிக்கிட்டு நின்னியான்னு அவ கேட்டா நான் என்ன சொல்ல?" பாதி முட்டையை வாங்கி வாயில் போட்டுக்கொண்டாள். தீச்சட்டி நேர்ந்தவள், மூன்று வாரமாகத் தண்ணீர் தெளிக்காமல் ஒரு பருக்கை தொடாதவள், நடுத்தெருவில் நின்று முட்டை மென்றாள். "உப்புப் பத்தலை" என்றாள்.

அதற்குத்தான் முதலில் சிரிப்பு வந்தது. சிரித்தது முத்துப்பேச்சி. சிரிப்பா அழுகையா என்று தெரியாதபடி தோள் குலுங்கியது. முகத்தில் ரத்தம் ஏறியது. சுவரைப் பிடித்து எழுந்தவள் திடீரென்று வயிற்றில் கை வைத்தாள்.

ராக்கம்மாள் பதறினாள். "என்னடி ஆத்தா? என்ன பண்ணுது?"

"உதைக்கிறான் அத்தை. காலையிலேர்ந்து அசையாமக் கிடந்தான். இப்ப உதைக்கிறான்." சொர்ணலதாவைப் பார்த்தாள். "அக்கா, இன்னும் முட்டை இருக்கா? நானும் எம்பிள்ளையும் காலையிலேர்ந்து பட்டினி."

ராக்கம்மாள் நெஞ்சில் கையை வைத்து, நிலைப்படியிலேயே தொப்பென்று உட்கார்ந்தாள். "அட கப்பக்காரி" என்றாள் மெல்ல. "கையில குடுத்திருக்கக் கூடாதாடி? நான் இத்தனை பேர் குலத்தை இழுத்து வஞ்சுட்டனே."

"இனிமே கையிலதான் குடுப்பேன்லா அத்தை."

"லாவாம்லா" என்றாள் ராக்கம்மாள், மூக்கைச் சிந்திக்கொண்டே.

தவசிக் கோடாங்கி உடுக்கையோடு வந்து சேர்ந்தபோது, வாசலில் பாய் விரித்து முத்துப்பேச்சி மஞ்சள் சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். பக்கத்தில் இருளம்மாள் ஒவ்வொரு முட்டையாக உரித்து வைத்தாள். விஷயத்தைக் கேட்டதும் அவர் உடுக்கையை உறையில் போட்டார். "வந்ததுக்கு எனக்கும் ஒரு இலை போடுங்க" என்று சம்மணமிட்டு உட்கார்ந்துவிட்டார். நல்ல மனிதர்.

மறுநாள் சண்முகத்தாய் மறுபடி வீரபாண்டிக்குப் போனாள். முல்லை ஆற்றில் முழுகி, நடந்ததை அம்மனிடம் ஒன்றுவிடாமல் சொல்லிவிட்டு வந்தாள். திருவிழாவில் அவள் ஏந்திய தீச்சட்டி அவள் கையைச் சுடவில்லை. அவள் எதிர்பார்த்ததும் அதுதான்.

முத்துப்பேச்சிக்கு ஆனி மாதம் பெண் குழந்தை பிறந்தது. அதற்கும் மாதம் நிறைந்தபோது, பொன்னுராஜின் கடை வாசலில் ராக்கம்மாள் வந்து நின்றாள்.

"அந்தச் சிவப்புப் பொடி ஒரு பொட்டலம் போடுப்பா. நல்ல சிவப்பாக் குடு. அமாவாசை இல்ல, பாத்துட்டுத்தான் வந்தேன்."

அன்று காலை அவளே வீடு வீடாகப் போனாள். இரண்டு உள்ளங்கையும் மருதாணி வைத்ததுபோல் சிவந்திருந்தன. ஒவ்வொரு கதவையும் தட்டி, ஆள் வெளியே வரும்வரை நகரவில்லை. "கையில வாங்குங்கடி! வாசல்ல வைக்கிற சோலியே கிடையாது!" என்று அவள் போட்ட சத்தம் சந்தை வரைக்கும் கேட்டது. இலை மடிப்பது அவளுக்குச் சரியாக வரவில்லை. சோற்றில் தேங்காய்ப்பாலோடு கொஞ்சம் சீரகமும் தாளித்துப் போட்டிருந்தாள்.

முதல் முட்டை சொர்ணலதாவுக்கு. இரண்டாவதைச் சண்முகத்தாய் நின்றபடியே உரித்தாள்.

"அன்னைக்குப் பாதி" என்றாள். "இன்னைக்கு முழுசு."