மதியச் சாப்பாட்டுக்கு வருகிறவன்

மகன் வெளியிலிருந்து சாவியைத் திருப்பும் சத்தம் கேட்டாலே அப்பாவுக்கு எரிச்சல் வரும். பூட்டி வைக்கிறானே என்ற எரிச்சல் இல்லை. இப்படி முரட்டுத்தனமாகத் திருப்பினால் பூட்டு என்னத்துக்கு ஆகும் என்ற எரிச்சல். நாற்பது வருடம் பூட்டு ரிப்பேர் பார்த்தவருக்கு வேறெப்படித் தோன்றும்?

நாலு மாதத்துக்கு முன்னால் தலைசுற்றி ரோட்டில் விழுந்தவரை யாரோ ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். விஷயம் தெரிந்து ஓடி வந்த மகனின் முகத்தைப் பார்த்து அவரே பயந்துவிட்டார். மறுநாளிலிருந்து அவன் வேலைக்குப் போகும்போது கதவைப் பூட்டிக்கொண்டு போனான். வீட்டில் வேறு ஆள் கிடையாது. மனைவி போய்ச் சேர்ந்து ஆறு வருடம். மகனுக்குப் பெண் கொடுக்க வந்த ஒன்றிரண்டு பேரும் இவர் வாய்க்குப் பயந்து ஓடிவிட்டார்கள்.

பூட்டிய முதல் நாளே, பைக் சத்தம் தெருமுனையைத் தாண்டியதும், அவர் ஒரு கம்பியை வளைத்து உள்பக்கத்துச் சாவித் துவாரத்தில் விட்டார். ஒரு இருமல் இருமுகிற நேரம்தான். திறந்துகொண்டது.

"தூ, இதெல்லாம் ஒரு பூட்டு" என்று காறிவிட்டுச் செருப்பையும் மாட்டிவிட்டார். அப்போதுதான் மகன் சொல்லிவிட்டுப் போனது நினைவுக்கு வந்தது. "ஒரு மணிக்கு வந்து தொறந்து விடறேன்ப்பா. சேந்து சாப்பிடலாம்."

செருப்பைக் கழற்றினார். மறுபடி கம்பியை விட்டு, தன்னைத்தானே உள்ளே வைத்துப் பூட்டிக்கொண்டார்.

அதிலிருந்து தினமும் ஒரு மணிக்கு வந்தான். லேத் பட்டறையிலிருந்து வர இருபது நிமிடம், போக இருபது நிமிடம். நடுவில் கிடைப்பது பதினைந்து. கிரீஸ் நாற்றம் போகாத கையில் தட்டை ஏந்திக்கொண்டு, சுவரில் சாய்ந்தபடி தின்பான்.

"உக்காந்து தின்னா என்ன, தரை உன்னக் கடிச்சிடுமா?"

"உக்காந்தா எந்திரிக்க மனசு வராதுப்பா."

"உன் மொதலாளி உன்ன ஏமாத்தறான்டா. அவன் முழியே சரியில்ல."

"நீ அவரப் பாத்ததே இல்லியேப்பா."

"பாக்கணுமா? பேரு போதும், மொதலாளின்னு."

மகன் சிரித்துக்கொண்டே கை கழுவுவான். பைக் கிளம்பும். மறுநாள் அவனிடம் என்ன குறை சொல்லலாம் என்று அப்போதே யோசிக்க ஆரம்பிப்பார்.

மாதம் ஒரு தடவை பிரஷர் பார்க்க ஆஸ்பத்திரி நர்ஸ் வருவாள். கதவு திறந்திருப்பதே மதியத்தில்தான் என்பதால் அந்த நேரத்துக்கு வருவாள். இந்தத் தடவை பார்த்து முடித்ததும் மகனைத் தனியாகக் கூப்பிட்டாள். அந்த வீட்டில் தனியாக என்றால் நாலடி தள்ளி.

"தம்பி, வயசானவர இப்படி வச்சுப் பூட்டிட்டுப் போகக் கூடாது. தீ கீ பிடிச்சா என்ன பண்ணுவாரு? அத விடுங்க, மனசு என்னத்துக்கு ஆகும்? கையில சாவியக் குடுங்க, ஒரு செல்போன் வாங்கிக் குடுங்க. தெம்பாயிடுவாரு."

இவளுக்கு இதில் என்ன லாபம், செல்போன் கடையில் கமிஷனா என்று அவருக்குச் சந்தேகம்.

"எனக்குச் சாவியெல்லாம் வேணாம்மா."

"ஏங்கய்யா?"

"தொலைச்சிடுவேன்."

மகன் சிரிக்கப் பார்த்தான், முடியவில்லை. "நாலு மாசமா உன்ன ஜெயில்ல வச்ச மாதிரி வச்சிட்டேன், இல்லப்பா?"

"ஜெயில்ல உன்னவிட நல்லா சமைப்பானுங்க" என்றார். வழக்கமான குத்தல்தான். ஆனால் மகன் கண் கலங்கிவிட்டது.

மறுநாள் காலையில் சாவியை அவர் உள்ளங்கையில் வைத்து மூடினான். சட்டைப் பையில் ஒரு செல்போனைச் சொருகினான். "இனிமே நீ பாட்டுக்குப் போ, வா. மத்தியானம் நான் பட்டறையிலயே சாப்ட்டுக்கறேன். உனக்கும் தொந்தரவு இல்ல."

ஒரு மணி அடித்தது. இரண்டு அடித்தது. கதவை அகலத் திறந்துவைத்துக்கொண்டு அவர் உட்கார்ந்திருந்தார். இப்படியே மூன்று நாள்.

நாலாவது நாள் இரண்டு ஆள் சோற்றைத் தூக்குவாளியில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினார். என்ன சொல்வது என்றுகூட யோசித்து வைத்திருந்தார். "மிச்சமாப் போச்சு, கொட்ட மனசில்ல, அதான்."

பட்டறைக்கு எதிர்ப்பக்கம் இறங்கினார். மகன் ஒரு மரப்பெட்டி மேல் காலை நீட்டி உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தான். சுற்றி நாலு பேர். யாரோ ஏதோ சொல்ல, தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்தான். சாப்பிட்டு முடித்ததும் அங்கேயே சாக்கு விரித்துப் படுத்து, கையால் கண்ணை மறைத்துக்கொண்டான். படுத்ததும் தூங்கிவிட்டான். நாலு மாதமாக இந்த நேரத்தில் வெயிலில் பைக் ஓட்டிக்கொண்டிருந்த பயல்.

பெல் அடித்து அவன் எழுந்து உள்ளே போகும்வரை அவர் வாளியோடு நின்றார். அப்புறம் பஸ் ஏறினார்.

சாயங்காலம் மகன் கேட்டான். "இன்னைக்கு எங்கயாவது போனியாப்பா?"

"எங்க போறது? இங்கதான் கெடந்தேன்."

"தனியா கஷ்டமா இருக்கா? வேணா முன்ன மாதிரி மத்தியானம் வரட்டுமா?"

அவர் சட்டைப் பொத்தானைக் கழற்றுகிற மாதிரிக் குனிந்துகொண்டார்.

"எதுக்கு? குதிரை மாதிரி நின்னுக்கிட்டே தின்னுட்டு ஓடுறதுக்கா? உன் மூஞ்சியப் பாத்தா எனக்குச் சோறே எறங்க மாட்டேங்குதுடா. இந்த நாலு நாளாத்தான் நிம்மதியாத் திங்கறேன்."

"நெசமாவா?"

"பொய் சொல்லி எனக்கு என்ன ஆகப்போவுது?"

மகன் துண்டை எடுத்துத் தோளில் போட்டான். "அப்ப சரிப்பா" என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போனான். உள்ளே தண்ணீர் விழும் சத்தம் கேட்கிறவரை காத்திருந்து, அவர் சமையல்கட்டுக்குப் போனார். திறக்காமலே ஊசிப்போயிருந்த இரண்டு ஆள் சோற்றையும் குப்பையில் கொட்டி, அவன் கண்ணில் படாமல் மேலே ஒரு காகிதத்தைப் போட்டு மூடினார்.