வந்தவள் வாசலில் நின்றாள்

இரண்டாம் ஆண்டு தாவரவியல் வகுப்புக்கு, தேர்தலன்று வராதவர்களில் ஒருவரைத்தான் பிரதிநிதியாகத் தேர்ந்தெடுப்பார்கள். வந்தவர்கள் யாரும் ஒத்துக்கொள்வதில்லை. வராதவருக்கு மறுக்க வழியில்லை. தலையில் கட்டிவிடுவது சுலபம்.

பிரதிநிதியான பிறகு யாரும் வகுப்புக்குள் வருவதில்லை. சாவி வாங்கி வா, துறைத்தலைவரைப் பார்த்து வா என்று வெளியிலேயே பொழுது போய்விடும். போன வருடத்துப் பிரதிநிதி இசக்கிராஜா புரொஜெக்டர் எடுக்கப் போனவன். இன்னும் வராந்தாவில்தான் நடந்துகொண்டிருக்கிறானாம். அவன் வீட்டார் வெள்ளிக்கிழமைகளில் வந்து, சோற்றுப் பாத்திரத்தைத் தூணோரம் வைத்துவிட்டு அழுதுகொண்டே போவார்கள். அதையெல்லாம் அங்கே யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.

தேர்தலன்று பொன்மாரிக்குத் தாமதமாகிவிட்டது. ரயில்வே கேட்டில் ரயில் நின்றிருந்தது. ரயில் ஓட்டுபவர் கேட்டுக்கு இந்தப் பக்கம், அவள் வந்த பஸ்ஸுக்குள் உட்கார்ந்து தூங்கிக்கொண்டிருந்தார். எழுப்ப யாருக்கும் மனம் வரவில்லை.

ஆனாலும் பொன்மாரிக்கு ஜெனோவா இருக்கிறாள் என்ற தைரியம் இருந்தது. ஒரே பெஞ்சில் உட்காரும் தோழி. இவள் வராத நாளில் அவளும், அவள் வராத நாளில் இவளும் மற்றவள் குரலில் ‘உள்ளேன்’ சொல்லி பிராக்ஸி கொடுத்துக்கொள்வது முதலாண்டிலிருந்தே வழக்கம். ஜெனோவா கொடுக்கும் குரலைக் கேட்டால் பெற்ற தாயே பொன்மாரிதான் என்று சத்தியம் செய்வாள்.

“ஏட்டி, நீ மெதுவா வா. நான் பாத்துக்கிடுதேன்” என்று ஜெனோவா போனில் சொல்லியிருந்தாள்.

வராந்தா அன்றைக்குக் கொஞ்சம் நீண்டிருந்தது. வேதியியல் துறை இரண்டு முறை வந்தது. இரண்டாவது முறை அதற்கு வயதாகியிருந்தது. பொன்மாரி ஓட்டமும் நடையுமாக வகுப்பு வாசலை அடைந்தபோது தனுஷ்கோடி சார் வருகைப்பதிவு எடுத்துக்கொண்டிருந்தார். அவள் எண் வந்தது. “உள்ளேன் சார்” என்று அவள் குரல் உள்ளேயிருந்து கேட்டது. தப்பித்தோம் என்று மூச்சு விட்டாள்.

கடைசி எண் வரைக்கும் யாராவது ஒருவர் குரல் கொடுத்தார்கள். அன்று வராதவர் என்று யாரும் இல்லை. யாரை வேட்பாளராக நிறுத்துவது என்று சார் நெற்றியைத் தேய்த்தார். பிறகு வாசலைப் பார்த்தார்.

“யாரும்மா நீ?”

“பொன்மாரி, சார்.”

“பொன்மாரி வந்தாச்சே.”

அது பிராக்ஸி என்று சொல்ல வாயெடுத்தாள். சொன்னால் அவள் அன்று வராதவள் என்று ஆகிவிடும். வராதவள் என்றால் வேட்பாளர். சொல்லாவிட்டால் அவள் யாருமே இல்லை. நின்ற இடத்திலேயே ஜெனோவாவைப் பார்த்தாள். ஜெனோவா பெஞ்சின் ஓரத்துக்கு ஒதுங்கி, பக்கத்தில் ஒரு ஆளுக்கு இடம் விட்டு உட்கார்ந்திருந்தாள். அவள் கண் கலங்கியிருந்தது. நிமிரவில்லை.

வாசலில் நிற்கும் பெண்ணை நிறுத்தலாம் என்று முன் பெஞ்சிலிருந்து ஒருவன் முன்மொழிந்தான். வழிமொழிய ஆள் வேண்டும் என்றார் சார். வகுப்பே குனிந்துகொண்டது.

“வழிமொழியறேன் சார்.”

பொன்மாரியின் குரல்தான். அந்தக் காலி இடத்திலிருந்து வந்தது. ஜெனோவாவின் உதடுகள் மூடியே இருந்தன. ஒருமனதாகத் தேர்வு என்று சார் அறிவித்தார். எல்லோரும் கை தட்டினார்கள். பொன்மாரிக்கு அழுகை வந்தது. அழுதாள். அதுவும் வழக்கம்தான் என்று கதவைச் சாத்தினார்கள்.

சாயங்காலம் மணி அடித்தது. ஜெனோவா தோளில் இரண்டு பைகளோடு வெளியே வந்தாள். பக்கத்தில் திரும்பித் திரும்பி ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டே வந்தவள், வாசலில் நின்றாள்.

“அக்கா, கொஞ்சம் வழி விடுங்க. நாங்க ரெண்டு பேரும் பஸ்ஸுக்குப் போணும்.”

பொன்மாரி சுவரோடு சுவராக ஒட்டி, இரண்டு பேர் போகிற அளவுக்கு வழி விட்டாள்.