தொட்டி குடித்த சிக்னல்

மூன்று வருடமாக அந்தப் பக்கம் பெய்த மழையையெல்லாம் ஒரு தேநீர்க் கோப்பையில் பிடித்து, மிச்ச இடத்தில் பாலும் ஊற்றியிருக்கலாம். அப்படியொரு வறட்சி. செவ்வாய்க்கிழமை வானம் பொத்துக்கொண்டது. புதன் காலை நெவில் மழைமானியைப் பார்த்தார்: நூற்றுப் பன்னிரண்டு மில்லிமீட்டர். தன் கண்ணை நம்பாமல் மனைவி கிளெனிஸைக் கூட்டிவந்து அவளையும் படிக்கச் சொன்னார்.

வீட்டுக்கும் தகரக் கொட்டகைக்கும் நடுவில் நிற்கும் பெரிய பிளாஸ்டிக் தண்ணீர்த் தொட்டி விளிம்பு வரை நிறைந்து வழிந்தது. ஓடைப் பாலம் முங்கிப் போனது. அன்றைக்கென்று பார்த்து, கொட்டகையில் கிடந்த, ஆடு மேய்க்கும் கெல்பி இன நாய் டாட்டிக்குப் பிரசவ வலி வந்தது.

இரண்டு குட்டிகள் வந்தன. மூன்றாவது வரவில்லை. ஒரு மணி நேரம் முக்கியும் வரவில்லை. நெவில் சமையலறைத் தொலைபேசியில் கால்நடை மருத்துவர் பிரையனியை அழைத்தார்.

"பாலம் முங்கிடுச்சா? அப்ப நான் வர முடியாதே. ஆமா, எவ்வளவு மழை?"

"நூத்திப் பன்னெண்டு, டாக்டர்."

"அடேயப்பா! எங்களுக்கு எண்பதுதான். சரி, நாயை அசைக்காதீங்க. செல்போன்ல வீடியோ போடுங்க, நான் பார்த்தே ஆகணும்."

அந்த இடத்துக்கு எந்தச் செல்போன் கோபுரமும் எட்டாது. வீட்டு வைஃபைதான் கதி. ஆனால் அது கொட்டகை வரை தாராளமாகப் போகும்; கோடை முழுக்க நெவில் அங்கே உட்கார்ந்துதான் கிரிக்கெட் பார்த்தார். இன்று சிக்னல் ஒரு கோடுகூட இல்லை. வீட்டுக்குள் ஓடிப்போய் வைஃபைப் பெட்டியை அணைத்து மறுபடி போட்டார். தட்டினார். திட்டினார். கெஞ்சியும் பார்த்தார்.

கிளெனிஸ் தொட்டியை விரல் முட்டியால் தட்டினாள். போன வாரம் வரை 'டங்' என்ற தொட்டி, இன்று 'தொப்' என்றது.

"யோவ் நெவ், இதுதான்யா! மைக்ரோவேவ் உன் பழைய சூப்பைச் சுட வைக்குது இல்ல, வைஃபையும் கிட்டத்தட்ட அதே மாதிரி அலைதான். தண்ணி அதை முழுங்கிடும். காலித் தொட்டியில புகுந்து வந்துச்சு, இப்ப எப்படி வரும்?"

நெவில் தொட்டியைப் பார்த்தார். பாத்திரம் கழுவிய தண்ணீரில் எலுமிச்சை மரத்தைக் காப்பாற்றியவர். பல் தேய்க்கக் கால் தம்ளருக்கு மேல் தொடாதவர். கொட்டகைக்குள்ளிருந்து டாட்டி முனகியது. கண்ணை இறுக மூடிக்கொண்டு குழாயை முழுசாகத் திறந்துவிட்டார். தண்ணீர் பீறிட்டது. தன் ரத்தமே ஓடுவது போலிருந்தது.

"என்னய்யா பண்றே! அது காலியாகச் சாயங்காலம் ஆயிடும். மூடு!" கிளெனிஸ் கத்தினாள். "தொட்டி நகராது. பெட்டி நகரும்ல?"

நெவிலுக்கு அவளை அங்கேயே கட்டிப்பிடித்து ஆட வேண்டும் போலிருந்தது. ஆனால் நேரமில்லை; குழாயை மூடிவிட்டு ஓடினார்.

பெட்டி இத்தனை நாள் குளிர்சாதனப் பெட்டிக்கும் ரொட்டி டப்பாவுக்கும் நடுவே பதுங்கியிருந்தது. மகன் விட்டுப்போன நீளமான நீலக் கேபிளை இழுத்து மாட்டி, பெட்டியை வராந்தாவின் கோடிக்குக் கொண்டுவந்தார்கள். சாரல் படாமல் காலி ஐஸ்கிரீம் டப்பாவைக் கவிழ்த்து மூடி, ஏணியின் உச்சியில் உட்காரவைத்தார்கள். அங்கிருந்து பார்த்தால் தொட்டி மறைக்காமல், நேராகக் கொட்டகை வாசல் தெரிந்தது.

"கதவை அகலத் திற! தகரத்துக்குள்ளயும் அது புகாது!" என்றாள் கிளெனிஸ்.

ஒரு கோடு. இரண்டு. மூன்று! திரையில் பிரையனி, கையில் காபிக் குவளையுடன்.

"கையைச் சோப்புப் போட்டுக் கழுவினீங்களா? குட்டியைச் சுத்தமான துண்டால பிடிங்க. அவ முக்கும்போது மட்டும், கீழ்ப்பக்கமா, மெதுவா இழுங்க. வெடுக்குன்னு பிடுங்காதீங்க, அது உருளைக்கிழங்கு இல்ல!"

நெவில் துண்டால் பிடித்தார். டாட்டி முக்கியது. குட்டி வழுக்கி வந்தது, அசைவில்லை.

"துடைங்க! நல்லா அழுத்தித் தேய்ங்க, நிறுத்தாதீங்க!"

கிளெனிஸ் தேய்த்தாள். தேய்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு 'கீச்' என்று, எலியே வெட்கப்படும் அளவுக்கு ஒரு சின்னச் சத்தம்.

பின்னாலேயே நான்காவதும் தானாக வந்து சேர்ந்தது. பிரையனி இன்னும் ஏதோ சொன்னார். ஆனால் மழை மறுபடி தகரக் கூரையில் கொட்டத் தொடங்கியதில் ஒன்றும் கேட்கவில்லை. நெவில் "நன்றி, டாக்டர்!" என்று தொண்டை கிழியக் கத்திப் பார்த்தார். திரையில் பிரையனி காதைக் காட்டிக் கையை விரித்தார்.

நெவில் யோசித்தார். கல்யாணத்தன்று தேவாலயத்துக்குள்ளும் கழற்றாத தன் தொப்பியைக் கழற்றி, நெஞ்சோடு சேர்த்து, திரைக்குத் தலை குனிந்தார். பிரையனி குவளையை உயர்த்திச் சிரித்தார்.

"அட, வழுக்கை!" என்றாள் கிளெனிஸ், அழுதுகொண்டே.